பிச்சைப் பாத்திரமும் மாதச் சந்தாவும்

1978ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் வடபகுதியில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்னும் பரந்த புல்வெளியில், காவியுடை அணிந்த சில பிக்குகள் கையில் பாத்திரத்துடன் காலை வேளையில் நடந்து சென்றனர். அவர்கள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. வாய்திறந்து கேட்கக் கூடாது என்பது பௌத்தத் துறவியர்க்கான விதி. உணவிட்டால் ஏற்க வேண்டும், இடாவிட்டால் அமைதியாகத் திரும்ப வேண்டும். பிச்சையெடுப்பதை 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குற்றமாக்கியிருந்த நாடு அது. அந்தப் பாத்திரத்தில் சோறிட வேண்டும் என்று அறிந்தவர்கள் அங்கு மிகக் குறைவு. ஆனாலும் நாள்தோறும் நடந்து செல்ல வேண்டும் என்பது, வடகிழக்குத் தாய்லாந்தின் வனத் துறவி அஜான் சா, முந்தைய ஆண்டு லண்டனுக்கு வந்து தம் சீடர்களை அங்கே விட்டுச் சென்றபோது இட்ட கட்டளை. சீடர்களின் தலைவர் அஜான் சுமேதோ, அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் துறவு பூண்டவர்.

ஒரு நாள் அந்தப் புல்வெளியில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் நின்று அவர்களோடு பேசினார். இங்கிலாந்தின் தென்பகுதியில், மேற்கு சசெக்ஸில், பராமரிப்பின்றிப் புதர் மண்டிக் கிடந்த 108 ஏக்கர் காடு அவருக்குச் சொந்தமாக இருந்தது. அதைப் பழைய நிலைக்கு மீட்க வேண்டும் என்பது அவரது விருப்பம். காட்டில் வாழ்வதையே மரபாகக் கொண்ட துறவியரைக் கண்ட அவர், பின்னர் அந்தக் காட்டை அவர்களுக்கே தானமாக அளித்தார். பாத்திரத்தில் சோறு விழவில்லை, காடு விழுந்தது. மறு ஆண்டே அதன் அருகில் சித்தர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு பாழடைந்த மாளிகை வாங்கப்பட்டு, துறவியரும் இல்லறத்தாரும் சேர்ந்து அதைச் செப்பனிட, ஐரோப்பாவில் தாய்லாந்து வன மரபின் முதன்மையான மடங்களில் ஒன்று உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பக்திக் கதையாகப் படிப்போர் உண்டு. பொருளியல் கற்பிப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அதில் வேறொரு வினா தென்படுகிறது. ஒரு சமயம் புதிய மண்ணில் வேரூன்றும்போது அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்? எந்த முறையில் ஏற்கிறார்கள்? மேலை நாடுகளில் பௌத்தம் அடைந்துவரும் மாற்றங்களைப் பற்றி எழுதுவோர் தத்துவம், உளவியல், பண்பாடு ஆகியவற்றையே பெரிதும் பேசுகின்றனர். செலவு பற்றிய வினாவுக்குக் கிடைக்கும் விடையும், எந்த வகைப் பௌத்தம் அங்கே வளரும் என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

மணிமேகலையைப் படித்த தமிழர்க்குப் பிச்சைப் பாத்திரத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை, அதில் முதல் பிச்சையை யாரிடம் பெறுவது என்று ஆராய்ந்து, ஆதிரையின் இல்லம் நாடிச் செல்கிறாள். பெறுபவர் மட்டுமன்றித் தருபவரும் அறத்தில் பங்காளி என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. விநய விதிகளின்படி துறவி பணத்தைத் தொடக் கூடாது. சமைக்கக் கூடாது. இன்று பெற்ற உணவை நாளைக்கென்று சேர்த்து வைக்கவும் கூடாது. இவற்றை உடலை வருத்தும் நோன்புகள் என்று கருதுவது தவறு. ஊரை விட்டு ஒரு நாள்கூடத் துறவி விலகியிருக்க முடியாதபடி செய்யும் ஏற்பாடு இது. உணவு ஒரு திசையிலும் அறவுரை மறு திசையிலும் நாள்தோறும் பயணம் செய்கின்றன. இரண்டுக்கும் விலை கிடையாது.

இதனால்தான் தேரவாத மரபில் இல்லறத்தாருக்குரிய நற்செயல்கள் தானம், சீலம், பாவனை என்ற வரிசையில் சொல்லப்படுகின்றன. முதலில் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்து ஒழுக்கம். அதற்குப் பிறகே தியானம். ஆசிய நாடுகளின் பௌத்த இல்லறத்தாரில் மிகப் பலர் முதல் இரண்டோடு நின்றவர்கள். தியானம் பெரும்பாலும் துறவியருக்கு உரியதாகவே இருந்தது. மேலை நாட்டில் இந்த வரிசை தலைகீழாயிற்று. அங்கே மக்கள் முதலில் நாடி வந்தது தியானத்தைத்தான். ஒழுக்கம் பிற்பாடு பேசப்பட்டது. தானம் என்பது ஏறத்தாழ மொழிபெயர்க்கவே முடியாத சொல்லாக நின்றுவிட்டது.

பௌத்தம் இடம் மாறியபோதெல்லாம் உருவும் மாறியிருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டளவில் அது சீனத்தை அடைந்தது. அங்கே நூல்களை மொழிபெயர்த்தவர்கள் தொடக்கத்தில் தாவோ மரபின் சொற்களையே கடன் வாங்கினர். பெற்றோரைப் பேணுவதே தலையாய கடமை என்று கருதிய சமுதாயத்தில், வீட்டைத் துறந்தவர்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். உழைக்காமல் உண்பவர்கள் என்ற பழியும் எழுந்தது. இதற்குச் சீனத் துறவியர் கண்ட விடைகளுள் ஒன்று உழவு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பைச்சாங் என்ற சான் ஆசிரியர், உழைக்காத நாளில் உணவு இல்லை என்ற நெறியைத் தம் மடத்தில் வகுத்ததாக மரபு கூறுகிறது. மண்ணைத் தோண்டக் கூடாது என்ற பழைய விதியைக் கடந்து துறவியர் மண்வெட்டி பிடித்தனர். பிச்சைப் பாத்திரத்தின் இடத்தை வயல் பிடித்தது. வயலோடு செல்வமும் வந்தது. மடங்கள் நிலக்கிழார்களாயின, கடன் கொடுத்தன, அடகு பிடித்தன. 845ஆம் ஆண்டில் தாங் பேரரசர் வூசோங் பௌத்தத்தின் மீது கைவைத்தபோது, 4,600 மடங்கள் மூடப்பட்டன, 2,60,000 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டனர் என்று அரசாணை குறிப்பிடுகிறது. சமயப் பகையோடு, மடங்களின் வரி விலக்குப் பெற்ற செல்வமும் அதற்குக் காரணமாக இருந்தது.

நம் மண்ணிலும் பௌத்தம் சோற்றுப் பிச்சையை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்த செய்தியைச் செப்பேடு சொல்கிறது. கடல் வணிகமும் அரசின் கொடையும் சேர்ந்து அந்த விகாரத்தைத் தாங்கின. ஆகவே, ஆசியாவில் தூய தானம், மேலை நாட்டில் வெறும் வணிகம் என்று கோடு கிழிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மேலை நாட்டுக்குப் பௌத்தம் முதலில் நூல்களின் வழியே சென்றது. 1844இல் பிரான்ஸில் யூஜின் பூர்னூஃப் இந்திய பௌத்தத்தின் வரலாற்றுக்கு ஓர் அறிமுக நூலை வெளியிட்டார். 1879இல் எட்வின் ஆர்னால்டின் 'ஆசிய ஜோதி' ஆங்கிலேய இல்லங்களுக்குள் புத்தரைக் கொண்டு சேர்த்தது. 1881இல் ரைஸ் டேவிட்ஸ் லண்டனில் பாலி நூல் கழகத்தைத் தொடங்கினார். கடவுளையும் சடங்குகளையும் வலியுறுத்தாத, பகுத்தறிவோடு இசைந்த, அறிவியலுக்கு அணுக்கமான நெறி என்ற சித்திரம் அப்போதே வரையப்பட்டுவிட்டது. தம் சமயத்தின் மீது ஐயம் கொண்டிருந்த படித்த ஐரோப்பியருக்கு எது தேவையாக இருந்ததோ, அதுவே பௌத்தத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எந்தச் சமுதாயமும் தன் பசிக்கேற்பவே உண்கிறது. 1880இல் இலங்கையின் காலி நகரில் முறைப்படி பௌத்தரான அமெரிக்கர் கர்னல் ஓல்காட், பின்னர் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். 1898இல் அயோத்திதாச பண்டிதர் அவரைத் தேடிச் சென்றார். சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சுயமரியாதை அளிக்கும் பூர்வ சமயமாகவே பண்டிதர் பௌத்தத்தைக் கண்டார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோதும் முன்னின்றது சமத்துவமே. நியூயார்க்கின் நடுத்தர வர்க்கத்தார்க்கு இருந்த பசி வேறு. மன அமைதியை நாடியே அவர்கள் வந்தனர். ஒரே போதி மரத்தின் கிளைகள் இரு நிலங்களில் இரு வகைக் கனிகளைத் தந்தன.

செலவு பற்றிய வினாவுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் விடை ஜப்பானியக் குடியேறிகளுடையது. 1899இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு ஜோடோ ஷின்ஷூ மரபின் இரு குருமார் வந்து சேர்ந்தனர். நாளடைவில் அவர்களின் கோயில்களில் நீண்ட மர இருக்கைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, குழந்தைகளுக்கான அறநெறி வகுப்பு, ஆர்கன் இசையோடு பாடும் பௌத்தப் பாடல்கள் ஆகியவையும் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அத்தகைய ஒரு முகாமில்தான், 1944இல், அவர்களுடைய அமைப்பு 'அமெரிக்க பௌத்தத் திருச்சபைகள்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. கிறித்தவரைப் போலத் தோன்ற வேண்டும் என்ற ஆசையால் நேர்ந்த மாற்றம் என்று இதை எள்ளி நகையாடுவது எளிது. தாங்களும் அந்த நாட்டின் குடிமக்களே என்று மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்களின் தற்காப்பு அது. அந்தக் கோயில்களின் செலவை உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவும், திருவிழாக்களில் விற்கும் உணவின் வருவாயும் ஈடுகட்டின. மூன்று, நான்கு தலைமுறைகளாக அவை நிலைத்து நிற்கின்றன.

இரண்டாவது விடை 1960களுக்குப் பிறகு உருவானது. சுன்ரியு சுசூகி 1962இல் சான்பிரான்சிஸ்கோவில் நிறுவிய ஜென் மையம், ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஷாரன் சால்ஸ்பெர்க், ஜாக் கார்ன்ஃபீல்ட் ஆகியோர் 1970களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பேரி என்ற ஊரில் தொடங்கிய விபாசனா மையம் போன்றவை தியானத்தை மையமாகக் கொண்டவை. அவற்றுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர், இல்லறத்தார். துறவு பூணாமலே துறவியின் பயிற்சியை மேற்கொள்ள விரும்பியவர்கள். இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இல்லறத்தாரே. அவர்களுக்கு வீட்டு வாடகை உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, பிள்ளைகளின் கல்விச் செலவு உண்டு. ஒரு வேளைச் சோற்றில் அடங்கிவிடும் தேவை அன்று அது. எனவே பல மையங்கள் ஒரு நடுவழியைக் கண்டன. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கட்டணம், ஆசிரியருக்கு மட்டும் அவரவர் விரும்பிய தானம். அமெரிக்கர்களுக்கு இந்தத் தானம் உணவகத்தில் வைக்கும் 'டிப்ஸ்' போலத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு வார வகுப்பின் கட்டணமே நடுத்தர வருவாயினரைத் தயங்க வைக்கும்போது, ஏழைகள் அந்த வாயிலுக்கு வரவே இல்லை.

மூன்றாவது விடை சந்தையினுடையது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்ற அறிவியலாளர், தீராத வலியால் துன்புறுவோருக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். பௌத்த ஆசிரியர்களிடம் தாம் கற்றதிலிருந்து சமயச் சொற்களை விலக்கிவிட்டு, எண்வழிப் பாதையின் ஏழாவது உறுப்பான நற்கடைப்பிடியை, அதாவது மனவிழிப்பை, 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். அது நல்ல பலன் தந்தது. அதன் வழிவந்த சிகிச்சை முறை ஒன்றை, மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ திரும்பி வந்தவர்களுக்கு, பிரிட்டனின் தேசிய மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2004இல் பரிந்துரைத்தது. நோயாளி ஒருவர் மீண்டும் படுக்கையில் விழாமல் இருக்க இது உதவுமானால், அதற்குக் கட்டணம் வாங்குவதில் பிழை ஏதும் இல்லை. மருந்துக்கும் விலை உண்டு அல்லவா?

மருத்துவமனையோடு அது நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. 2007இல் கூகுள் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு இப்பயிற்சியை அளிக்கத் தொடங்கியது. முன்னாள் பௌத்தத் துறவி ஒருவர் 2010இல் தொடங்கிய 'ஹெட்ஸ்பேஸ்', அதை அடுத்து வந்த 'காம்' ஆகியவை கைப்பேசிச் செயலிகளாக வளர்ந்து மாதச் சந்தாவுக்குத் தியானத்தை விற்றன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் 'காம்' நிறுவனத்தின் மதிப்பு 200 கோடி டாலர் என முதலீட்டாளர்கள் கணித்தனர். அமெரிக்க ராணுவ வீரர்களுக்கும் மனவிழிப்புப் பயிற்சி அளித்து ஆய்வுகள் நடத்தப்பட்டன. எண்வழிப் பாதையின் ஐந்தாவது உறுப்பு நல்வாழ்க்கை, அதாவது நேர்மையான பிழைப்பு. படைக்கல வணிகம் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஏழாவது உறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் ஐந்தாவதைத் தொடவில்லை.

கலிபோர்னியாவில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்தார். அவருடைய நிறுவனம் எல்லா ஊழியர்களுக்கும் தியானச் செயலியின் சந்தாவைத் தானே கட்டிவிடுகிறதாம். "நல்ல விஷயம்தானே?" என்று கேட்டேன். "நல்ல விஷயம்தான் சார். ஆனால் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்" என்றார். துக்கத்துக்குக் காரணம் உண்டு என்பது புத்தரின் இரண்டாம் வாய்மை. அந்தக் காரணம் ஊழியரின் மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது என்று சொல்லப்படும்போது, நிறுவனத்தின் பணிச்சுமை கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. ரொனால்ட் பர்சர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2019இல் இதைக் குறித்து எழுதிய நூலுக்கு, துரித உணவின் பெயரை ஒட்டி 'மெக்மைண்ட்ஃபுல்னஸ்' என்று தலைப்பிட்டார்.

பள்ளிகளிலும் இதைப் புகுத்தினார்கள். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. வழக்கமான பாடமுறையைவிட இந்தப் பயிற்சி மாணவர்களின் மனநலத்தை மேம்படுத்தியதாகத் தெரியவில்லை. பல மாணவர்கள் வீட்டில் அதைப் பயிலவே இல்லை. தானாக நாடி வருபவருக்கு உதவும் பயிற்சி, பாடத்திட்டத்தின் பகுதியாக ஊட்டப்படும்போது பயன் தரவில்லை என்பதில் ஒரு பாடம் இருக்கிறது.

விலை வைப்பதால் ஒரு பொருள் மாறிவிடுமா என்று பொருளியல் மாணவர்கள் கேட்பதுண்டு. அரிசியை விலைக்கு வாங்கினாலும் இனாமாகப் பெற்றாலும் சோறு ஒன்றுதான். ஆனால் எல்லாப் பொருள்களும் அப்படியல்ல. 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், ரத்தத்தைத் தானமாகப் பெறும் பிரிட்டனையும், பெருமளவில் விலை கொடுத்துப் பெற்ற அமெரிக்காவையும் ஒப்பிட்டார். விலை வந்ததும் தானம் செய்யும் மனம் தளர்கிறது, கிடைக்கும் ரத்தத்தின் தரமும் குறைகிறது என்று அவர் வாதிட்டார். அவருடைய முடிவுகள் மீது விவாதம் உண்டு. ஆயினும் கொடுக்கும் முறையும் பொருளின் ஒரு பகுதியே என்ற அவரது அடிப்படைக் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. தியானத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 'நான்', 'எனது' என்ற பற்றைத் தளர்த்துவதற்கான பயிற்சி அது. சந்தா கட்டியவர் நுகர்வோராகிறார். தமக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பது நுகர்வோரின் உரிமை. பயிற்சி தளர்த்த முயலும் முடிச்சை, அதைப் பெறும் முறையே இறுக்குகிறது.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் ஊ பா கின், அலுவலகத்திலேயே விபாசனா கற்பித்தவர். அரசின் கணக்குகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்த அவர், தம் வகுப்புக்குக் கணக்கு எழுதவில்லை. அவருடைய மாணவர், மாண்டலேயில் பிறந்த தொழிலதிபர் கோயங்கா, 1969இல் இந்தியா வந்து அந்தப் பயிற்சியைப் பரப்பினார். 1982இல் மாசசூசெட்ஸில் அம்மரபின் வட அமெரிக்க மையம் எழுந்தது. பத்து நாள் தங்குமிடம், உணவு, பயிற்சி எதற்கும் கட்டணம் இல்லை. ஒரு முறையேனும் முழுப் பயிற்சியையும் முடித்தவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை பெறப்படுகிறது. ஆசிரியர்களுக்கு ஊதியமும் இல்லை. நியூயார்க்கிலிருந்து வருபவருக்கும் இதே விதிதான்.

பணி ஓய்வுக்குப் பின், சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள அம்மரபின் மையத்தில் நானும் பத்து நாள் தங்கினேன். கால் மூட்டு வலியைத் தவிர வேறெதையும் முதல் நான்கு நாள் நான் உணரவில்லை. இறுதி நாளில் நன்கொடை மேசையின் முன் நின்றபோதுதான் உண்மையான சோதனை வந்தது. விலை எழுதப்படாத ஒன்றுக்கு எவ்வளவு கொடுப்பது? முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலைக் கோட்பாடு கற்பித்தவன், கையில் பேனாவுடன் விழித்தேன். நான் உண்ட உணவுக்கு முகம் தெரியாத யாரோ முன்பே கொடுத்துவிட்டார். நான் கொடுப்பது, இனி வரப்போகும் முகம் தெரியாத யாருக்கோ. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைத் தாங்கும் ஏற்பாடு என்று ஓய்வூதியப் பாடத்தில் சொல்வேன். அதை ஒரு பிடி சோற்றில் அன்றுதான் கண்டேன். பத்து நாள் தியானம் செய்ததைவிட அந்தச் சில நிமிடங்கள் என்னைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லின.

ஆனால் தானம் என்று பெயர் வைத்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணக் கூடாது. வேலையிலிருந்து பத்து நாள் விடுப்பு எடுக்க முடியாத தினக்கூலிக்குக் கட்டணமில்லாப் பயிற்சியும் எட்டாக்கனியே. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோ ஜென் மையம் புகழ்பெற்ற சைவ உணவகம் ஒன்றையும் ரொட்டிக் கடையையும் நடத்தியது. மாணவர்கள் மிகச் சிறிய உதவித்தொகைக்கு நீண்ட நேரம் உழைத்தனர். அதையே பயிற்சி என்று நம்பினர். 1983இல் மையத்தின் தலைவருடைய பாலியல் உறவும் ஆடம்பரச் செலவுகளும் வெளியானபோது, தங்கள் உழைப்பு எங்கே சென்றது என்று அவர்கள் கேட்டனர். அதன் பின் வேறு பல மையங்களிலும் இத்தகைய புகார்கள் எழுந்தன. ஆசியக் கிராமத்தில் ஒரு பிக்கு தவறினால் மறுநாள் பாத்திரத்தில் சோறு விழாது. ஊர் முழுவதும் அவரைக் கண்காணிக்கிறது. மேலை நாட்டில் குருவை ஊரிலிருந்து பிரித்து எடுத்துச் சென்றபோது, அந்தக் கண்காணிப்பு உடன் செல்லவில்லை. அந்த இடத்தை நிரப்ப எழுத்து வடிவ ஒழுக்க விதிகள், தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகக் குழு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தலைமைப் பொறுப்பு என்பன போன்ற ஏற்பாடுகளை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. இது மேலை நாட்டின் குடியாட்சி மரபு பௌத்தத்துக்கு அளித்த நல்ல கொடை.

பெண்களின் நிலையும் அவ்வாறே. தேரவாத நாடுகளில் பிக்குணிப் பரம்பரை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. முழுத் துறவு பெறாத பெண் துறவியருக்கு மரியாதையும் குறைவு, தானமும் குறைவு. 2009இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகில் அஜான் பிரம் என்ற ஆங்கிலேயத் துறவி, நான்கு பெண்களுக்கு முழுத் துறவு அளிக்கும் சடங்கை நடத்த உதவினார். அதற்காகத் தாய்லாந்தில் உள்ள தம் தாய் மடத்தின் தொடர்பை அவர் இழக்க நேர்ந்தது. மணிமேகலையைத் துறவியாகப் போற்றிய தமிழருக்கு, இதில் எந்தப் பக்கம் மரபு இருக்கிறது என்று சொல்லத் தயக்கம் இருக்காது.

ஆக, மாற்றம் நிகழ்வதா வேண்டாமா என்பது கேள்வியன்று. மர இருக்கை, ஆங்கில மொழி, பெண் துறவியர், தேர்தல் ஆகியவை எல்லாம் பௌத்தத்தைக் குலைக்கவில்லை. கொடுப்பவர், பெறுபவர் என்ற உறவு அறுந்து, விற்பவர், வாங்குபவர் என்ற உறவு மட்டும் மிஞ்சும்போதுதான் வேர் ஆட்டம் காண்கிறது. 1955இல் பர்மாவுக்கு ஆலோசகராகச் சென்ற பொருளியலறிஞர் ஷூமாக்கர், நல்வாழ்க்கை என்ற ஓர் உறுப்பிலிருந்தே ஒரு முழுப் பொருளியலை எழுப்ப முடியும் என்று கண்டு, 1966இல் பௌத்தப் பொருளியல் பற்றிக் கட்டுரை எழுதினார். பௌத்தம் மேலை நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கற்பிக்கக்கூடியது ஒன்று உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. அரை நூற்றாண்டுக்குப் பின், பொருளாதாரமே பௌத்தத்துக்குத் தன் பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

இது மேலை நாட்டாரின் கவலை மட்டுமன்று. அங்கே பொதியப்பட்ட தியானச் செயலிகள் இன்று நம் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டன. நம் யோகாசனம் அங்கே சென்று விலைச்சீட்டுடன் திரும்பியதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். சந்தா கட்டுவதில் பாவம் எதுவும் இல்லை. ஒரு நாள் தூக்கமாவது கிடைத்தால் நல்லதே. ஆனால் அதுவே பௌத்தம் என்று நம்பிவிட்டால், அதன் முதல் பாடத்தை நாம் படிக்காமலே விட்டவர்களாவோம்.

சித்தர்ஸ்ட் மடத்தின் துறவியருக்கு இன்றும் சமையல் கிடையாது. தாய்லாந்து, இலங்கைக் குடும்பங்களும், அந்த ஊர் ஆங்கிலேயரும் உணவு கொண்டுவந்து பாத்திரத்தில் இடுகின்றனர். குடியேறியவரின் பழைய பௌத்தமும், புதிதாகத் தழுவியவரின் பௌத்தமும் சந்திக்கும் இடம் தியான மண்டபத்தைவிட அந்த உணவு மேசையாகவே இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, தமக்குப் பழக்கமில்லாத மனிதர்களிடம் பேசி, கேட்கப்படாத ஒன்றைக் கொடுத்ததால்தான் அந்த மேசை அங்கே இருக்கிறது. அவர் அதற்கு முன் ஒரு நாளாவது தியானம் செய்திருந்தாரா என்பது, அவர் தந்த காட்டைப் பொறுத்தவரை, ஒரு பொருட்டே இல்லை.